கோடையில் கால் நரம்பும் தெரியக் கூடாது, புழுக்கமும் கூடாது: எதை உடுத்துவது?

நெல்லிக்கனி (தருமபுரி) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 57 வயது. தனியார் பள்ளி ஒன்றில் 29 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து, சென்ற ஆண்டுதான் வேலையை விட்டேன். நாள் முழுவதும் நின்றபடியே பாடம் நடத்திய பழக்கத்தாலோ என்னவோ, இடது காலில் முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை நரம்புகள் பச்சை நிறத்தில் சுருண்டு புடைத்து நிற்கின்றன. கணுக்காலுக்கு மேல் உள்ளங்கை அகலத்திற்குத் தோல் கறுத்தும் விட்டது. வலது கால் பரவாயில்லை என்றாலும் மாலையானால் இரண்டு கால்களும் வீங்கிக் கனத்துப் போகின்றன.

இதை மறைப்பதற்காகவே பத்து ஆண்டுகளாகப் புடவையைத் தரை தொடும்படி இறக்கிக் கட்டி வருகிறேன். காற்றில் பறக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பாலியஸ்டர் கலந்த புடவையும், உள்ளே கெட்டியான பாப்ளின் உள்பாவாடையும்தான் வழக்கம். பங்குனி முடிவதற்குள்ளேயே முழங்காலின் பின்புறம் வியர்த்து வேர்க்குரு வந்துவிடுகிறது. கத்திரி வெயிலில் நிலைமை எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஓசூரில் இருக்கும் மகள், "சுடிதாருக்கு மாறிவிடுங்கள் அம்மா" என்று சொல்லி இரண்டு லெக்கின்ஸ் வாங்கித் தந்தாள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது, துணிக்கு மேலேயே நரம்பு முடிச்சுகள் கோடு கோடாகத் தெரிந்தன. அன்றைக்கே மடித்து வைத்துவிட்டேன்.

சென்ற மாதம் நகரப் பேருந்தில் ஏறும்போது நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படி உயரமாக இருந்ததால் இடது கையால் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கிக் கொண்டு ஏறினேன். பின்னால் வந்த ஒரு குழந்தை, "அந்தப் பாட்டி காலில் ஏன் கயிறு இருக்கிறது?" என்று தன் தாயிடம் கேட்டது. குழந்தை கேட்டது எனக்கு வருத்தமாக இல்லை. ஆனால் அந்தத் தாய் பதறிப் போய் அதன் வாயைப் பொத்தியபோது உடம்பே கூசிவிட்டது.

மே மாதம் குடும்பத்தோடு ஒகேனக்கல் போகிறோம். போன முறை பரிசலில் ஏறப் புடவையைத் தூக்க வேண்டியிருக்குமே என்று எண்ணி, எல்லோருடைய செருப்பையும் பையையும் காவல் காத்துக் கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். இந்த முறை பேரன் விடமாட்டேன் என்கிறான். நான் கொஞ்சம் குள்ளம், இடுப்பும் தொடையும் பருத்த உடல்வாகு. இந்த வெயிலுக்கு ஏற்றதாகவும், காலை மறைப்பதாகவும், என் வயதுக்குப் பொருந்துவதாகவும் எதை உடுத்தலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

தையல்மேசை (கிருஷ்ணகிரி)

வணக்கம் அம்மா. நான் 22 ஆண்டுகளாகப் பெண்களுக்குத் துணி தைத்து வருகிறேன். அளவெடுத்து முடித்து, நாடாவைச் சுருட்டி வைத்த பிறகுதான், "கால் மட்டும் கொஞ்சம் தெரியாமல் இருக்கும்படி பாருங்கள்" என்று தாழ்ந்த குரலில் சொல்லும் பெண்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். ஆகவே நீங்கள் கேட்டிருப்பது உங்கள் ஒருவருடைய கவலை அன்று.

காலை மறைப்பதற்குக் கெட்டித் துணி வேண்டும் என்று எண்ணுவதில்தான் எல்லோரும் தவறு செய்கிறோம். கெட்டித் துணி வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது, ஒட்டும் துணி உருவத்தைக் காட்டிக் கொடுக்கிறது. மறைப்பது என்னவோ காலைத் தொடாமல் இடுப்பிலிருந்து நேராக விழுகிற துணிதான். லெக்கின்ஸில் பருத்தி நூலோடு இழுபடும் லைக்ரா நூலும் சேர்ந்திருப்பதால் அது தோலைக் கவ்விப் பிடிக்கிறது, அதனால் முடிச்சு இருக்கும் இடமெல்லாம் மேடாகத் தெரிகிறது. பாலியஸ்டரோ வியர்வையை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஈரம் தோலுக்கும் துணிக்கும் நடுவிலேயே நிற்பதால்தான் உங்களுக்கு வேர்க்குரு வருகிறது.

உங்களுக்கு நான் முதலில் தைத்துத் தருவதென்றால் பருத்தியில் நேர்வெட்டுப் பேன்ட்தான். இடுப்பில் முன்புறம் தட்டையான பட்டையும் பின்புறம் மட்டும் எலாஸ்டிக்கும் வைத்தால் வயிற்றுப் பகுதி உப்பித் தெரியாது. தொடையில், உட்கார்ந்த நிலையில் எடுத்த அளவைவிட நான்கு அங்குலமாவது தளர்வு இருக்க வேண்டும். நின்றபடி எடுத்த அளவை வைத்துத் தைத்தால் உட்காரும்போது இழுத்துப் பிடிக்கும். அடிச்சுற்று 15 அல்லது 16 அங்குலம் போதும். கால் முடியும் இடம்தான் மிக முக்கியம். கெண்டைக்கால் பருத்திருக்கும் இடத்தில் துணி முடிந்தால் பார்ப்பவர் கண் நேரே அந்தப் பருமனில்தான் போய் நிற்கும். முக்கால் பேன்ட் என்று கடைகளில் விற்பது பெரும்பாலும் சரியாக அந்த இடத்தில்தான் முடிகிறது, ஆகவே அதைத் தொடாதீர்கள். கணுக்கால் எலும்பை மூடி, செருப்புப் போட்ட நிலையில் தரைக்கு ஓர் அங்குலம் மேலே துணி நின்றால் கறுத்த தோலும் மறையும், தடுக்கி விழவும் மாட்டீர்கள்.

மேலே போடும் குர்தா முழங்காலுக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே வரட்டும். குள்ளமானவர்கள் அதற்கும் கீழே இறக்கினால் உயரம் இன்னும் குறைந்து தெரியும். பக்கவாட்டு ஓப்பனை இடுப்பு வரை ஏற்றாமல் தொடையின் நடுவில் நிறுத்தச் சொல்லுங்கள். நம் தையற்காரர்கள் பழக்கத்தில் மேலே ஏற்றிவிடுவார்கள், காற்றடிக்கும்போது தொடை முழுவதும் வெளியே தெரியும் என்பதை நீங்கள்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். குர்தாவும் பேன்ட்டும் ஒரே நிறத்திலோ பக்கத்துப் பக்கத்து நிறத்திலோ இருந்தால் உருவம் தலை முதல் கால் வரை ஒரே ஓட்டமாகத் தெரியும். வெள்ளைக் குர்தாவுக்குக் கருப்புப் பேன்ட் என்று வெட்டிப் போட்டால் கால் தனியாகத் துண்டாகிவிடும்.

துணி எடுக்கும்போது இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். துணியை ஒற்றையாக உள்ளங்கை மேல் விரித்துப் பாருங்கள், ரேகை தெரிந்தால் அது பேன்ட்டுக்கு ஆகாது, குர்தாவுக்கு மட்டுமே ஆகும். பிறகு ஒரு மூலையைக் கைப்பிடிக்குள் கசக்கிவிட்டு விடுங்கள், கொஞ்சம் சுருங்கி மெல்ல விரிந்தால் பருத்தி, சுருக்கமே விழாமல் வழுக்கிக் கொண்டு விரிந்தால் அநேகமாகப் பாலியஸ்டர். ரேயான் துணியும் மரக்கூழிலிருந்து செய்வதுதான், வியர்வையை நன்றாக உறிஞ்சும், அழகாக விழும். ஆனால் துவைத்தால் சுருங்கும், ஆகவே அடிமடிப்பில் இரண்டு அங்குலம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பருத்தியாக இருந்தாலும் தைப்பதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி எடுத்துக் கொண்டு வாருங்கள். இதைச் செய்யாமல் கொண்டு வந்துவிட்டு, இரண்டாவது சலவைக்குப் பிறகு கணுக்கால் தெரிகிறது என்று வருந்துபவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

மாந்தோப்பு (காவேரிப்பட்டினம்)

சகோதரி, எனக்கு 61 வயது. மாங்காய்ப் பருவத்தில் மண்டியில் நின்று தரம் பிரிக்கிற வேலையைப் பல ஆண்டுகள் செய்தவள். என் கால்களும் உங்கள் கால்களைப் போலத்தான் இருக்கின்றன. தையற்காரம்மா சொன்னதெல்லாம் சரியே. ஆனால் ஆயுள் முழுவதும் புடவை கட்டியவருக்கு அதை ஒரேயடியாக விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குற்றம் புடவையில் இல்லை, அந்தப் பாலியஸ்டரிலும் பாப்ளினிலும்தான் இருக்கிறது.

நான் செய்வதைச் சொல்கிறேன். உள்பாவாடைக்குப் பதிலாக, கணுக்கால் வரை வரும் தளர்ந்த பருத்திப் பேன்ட் ஒன்றை நாடா வைத்துத் தைத்து, அதன் மேல் புடவை கட்டுகிறேன். மெல்லிய கேம்பிரிக் துணியில் புடவை நிறத்துக்கு ஒத்ததாக எடுத்துத் தைத்தால் வெளியே தெரியவே தெரியாது. நாடாவில் கொசுவம் உள்பாவாடையில் நிற்பதைப் போலவே நிற்கிறது. பேருந்தில் ஏறினாலும், மாடிப்படி ஏறினாலும், காற்றில் புடவை விலகினாலும் கால் தெரியாது. தொடைகள் உரசிப் புண்ணாவதும் இதனால் நின்றுவிட்டது. வெயில் காலத்தில் பருத்த உடம்புக்காரர்களுக்கு அந்த உரசல் எவ்வளவு பெரிய வேதனை என்பதைப் பட்டவர்கள்தான் அறிவார்கள், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாடாவை மட்டும் இடுப்பில் இறுக்கிக் கட்டாதீர்கள். தினமும் ஒரே இடத்தில் அழுந்தினால் தோல் கறுத்துத் தடித்துவிடும், ஆகவே மெல்லிய நாடாவுக்குப் பதிலாக இரண்டு அங்குல அகலத்துக்குப் பட்டை வைத்துத் தைத்துக் கொள்ளுங்கள்.

புடவைக்குக் கைத்தறிப் பருத்தியைப் பாருங்கள். 1935ஆம் ஆண்டு தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் சின்னாளப்பட்டிச் சுங்குடியும் கோவைப் பக்கத்துப் பருத்திப் புடவைகளும் கிடைக்கும். நூல் எண் கூடக் கூட இழை மெல்லியதாகும் என்பதால் 80ஆம் எண், 100ஆம் எண் நூல் புடவைகளைக் கேட்டு வாங்குங்கள். சுங்குடி உடம்பில் இருப்பதே தெரியாது. செட்டிநாட்டுக் கண்டாங்கி நல்ல புடவைதான், ஆனால் கொஞ்சம் முரடு, கார்த்திகை மார்கழிக்கு எடுத்து வைத்துக் கொள்ளலாம். அரிசிக் கஞ்சியை மிக நீர்க்கக் கரைத்துப் போட்டால் புடவை காலோடு ஒட்டாமல் விலகி நிற்கும், நடக்கும்போது உள்ளே காற்றும் போகும். கஞ்சி கெட்டியானால் துணியின் கண்கள் அடைபட்டுப் புழுங்கும்.

இன்னொன்று. உள்ளே பேன்ட் போட்ட தைரியத்தில் புடவையைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்திக் கட்டத் தொடங்குங்கள். நம் வயதில் புடவை தடுக்கி விழுந்தால் எலும்பு முறிவுதான்.

வெள்ளைச்சீருடை (அரூர்)

அம்மா, நான் செவிலியர். உடையைப் பற்றி மற்றவர்கள் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் பதிவில் "தோல் கறுத்துவிட்டது", "மாலையில் வீங்குகிறது" என்ற இரண்டையும் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

காலில் உள்ள சிரைகளில் இரத்தம் மேல்நோக்கிப் போவதற்காகச் சிறுசிறு வால்வுகள் இருக்கின்றன. நெடுநேரம் நிற்பது, பிரசவங்கள், உடல் எடை, குடும்பவாகு ஆகிய காரணங்களால் அந்த வால்வுகள் தளர்ந்தால் இரத்தம் கீழேயே தேங்கிச் சிரை புடைத்துச் சுருளும். இதைத்தான் நாம் நரம்புச் சுருட்டல் என்கிறோம், உண்மையில் அது நரம்பு அன்று, இரத்தக் குழாய். புடைப்பு மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் தோற்றக் குறைதான். ஆனால் கணுக்காலுக்கு மேல் தோல் கறுப்பது, தேக்கம் நெடுநாளாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். அந்த இடத்தில் சொறிந்தால்கூடப் புண்ணாகி ஆறாமல் போகலாம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டி, காலில் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதனாலும் கணுக்கால் வீங்கும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி, வலித்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் அன்றே போய்விட வேண்டும்.

அழுத்தக் காலுறை போடச் சொல்வார்கள். அதைக் காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே, கால் வீங்காத நிலையில் போட வேண்டும், இரவில் கழற்றிவிட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. இந்தக் காலுறை தோல் நிறத்தில் கிடைக்கிறது. விரல் நுனி திறந்த வகையை வாங்கினால் மெட்டியோடும் போடலாம், கோடையில் புழுக்கமும் சற்றுக் குறையும். லெக்கின்ஸ் மாதிரி இறுக்கமான எதையும் இதற்கு மேல் போடாமல், தையற்காரம்மா சொன்ன நேர்வெட்டுப் பேன்ட்டைப் போட்டால் காலுறை இருப்பதே வெளியே தெரியாது. கொலுசு இறுக்கமாக இருந்தால் வீங்கும் காலில் அது பதிந்து தடம் விழும், கோடை முடியும் வரையாவது கழற்றி வையுங்கள்.

மூக்கண்டப்பள்ளி (ஓசூர்)

ஆன்ட்டி, உங்கள் மகள் இருக்கும் ஊரில்தான் நானும் இருக்கிறேன். என் அம்மாவுக்கு வீட்டில் நைட்டி, வெளியே பலாசோ என்று மாற்றிக் கொடுத்தேன், மிகவும் வசதியாக இருக்கிறது என்கிறார். கால் சட்டை என்றே தெரியாது, பாவாடை கட்டிய மாதிரி அகலமாக விழும். கணுக்கால் வரை வரும் நீளப் பருத்தி ஃபிராக்கும் நன்றாக இருக்கும், மேலே ஒரு மெல்லிய துப்பட்டா போட்டால் கோயிலுக்குக்கூடப் போகலாம். நீங்கள் பலாசோவை முயன்று பாருங்களேன்.

தையல்மேசை (கிருஷ்ணகிரி)

பலாசோ நல்ல உடைதான் சகோதரி, நானே வாரத்துக்குப் பத்தாவது தைக்கிறேன். ஆனால் குள்ளமாகவும் இடுப்பு அகலமாகவும் இருப்பவர்களுக்கு அதன் அகலம் கீழேயும் சேர்ந்து உருவத்தைச் சதுரமாக்கிவிடும். அடிச்சுற்றை 20 அங்குலத்துக்கு மேல் விடாமல், சுருக்கு வைக்காமல் தைத்தால் பொருந்தும். படி ஏறும்போது முன்காலின் துணியைப் பின்கால் மிதித்துவிடும் ஆபத்தும் அதில் உண்டு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே ரேயான் ஃபிராக்குக்குள் லைனிங் வைத்தாலும் தாங்கும். தருமபுரி வெயிலில் லைனிங் வைப்பதென்றால் மெல்லிய மல் துணியை முழங்கால் வரை மட்டும் வைக்க வேண்டும். வாசலில் வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, எதிரில் நிற்பவரிடம் கால் நிழலாகத் தெரிகிறதா என்று கேட்டுப் பார்த்து, அதன் பிறகு லைனிங் தேவையா என்று முடிவு செய்யுங்கள்.

நெல்லிக்கனி (தருமபுரி)

பதில் எழுதிய எல்லோருக்கும் என் நன்றி. புடவைக்குள் பேன்ட் என்பதை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வீட்டில் இருந்த பழைய சுடிதார் பேன்ட் ஒன்றைப் போட்டு அதன் மேல் சுங்குடிப் புடவை கட்டி, கடைத்தெரு வரை போய் வந்தேன். பேருந்துப் படியில் ஏறும்போது கை தானாகவே கொசுவத்தை இழுத்து மூடப் போயிற்று, பிறகுதான் மூடத் தேவையில்லை என்பது நினைவுக்கு வந்தது. செவிலியர் சகோதரி சொன்னபடி வரும் திங்கட்கிழமை மருத்துவமனைக்கு மகளோடு போகிறேன். கறுப்பை மறைப்பதைப் பற்றித்தான் இத்தனை நாளும் யோசித்தேனே தவிர, அது எதனால் வந்தது என்று யாரையும் கேட்கவில்லை.

ஒகேனக்கலுக்கு மட்டும் இன்னும் குழப்பமாக இருக்கிறது. நனைந்தால் எந்தத் துணியும் காலோடு ஒட்டிக் கொள்ளுமே, அதற்கு என்ன செய்வது?

தையல்மேசை (கிருஷ்ணகிரி)

அம்மா, நனையும் இடத்துக்குச் சுங்குடியோ மல் துணியோ கூடவே கூடாது. ஈரமானால் கண்ணாடியாகிவிடும். புடவையையும் அன்று வேண்டாம், ஐந்தரை மீட்டர் துணி தண்ணீர் குடித்தால் அதைச் சுமந்து கொண்டு வழுக்குப் பாறையில் நடக்க முடியாது. பலாசோவும் அப்படியே, காலைச் சுற்றிக் கொள்ளும்.

சுருக்கம் சுருக்கமாக நெய்த கிரிங்கிள் பருத்தி என்று கடையில் கேளுங்கள். அந்தச் சுருக்கங்கள் தோலில் அங்கங்கே மட்டும் படுவதால் நனைந்தாலும் முழுக்க ஒட்டாது. கருநீலமோ மெரூனோ எடுத்து, அதில் பொடிப் பூக்கள் நெருக்கமாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் ஈரத்தின் திட்டுகளும் நரம்பின் மேடுகளும் பூக்களுக்குள் கலந்து போகும். ஒரே நிறத் துணியில் அவை தனித்துத் தெரியும். பேன்ட்டை அடிச்சுற்று 14 அங்குலமாகக் குறைத்து, கணுக்காலுக்கு ஓர் அங்குலம் மேலே நிறுத்தித் தையுங்கள், அந்த ஒரு நாளைக்குத் தடுக்காமல் நடப்பதுதான் முக்கியம். குர்தா முழங்கால் அளவில் நிற்கட்டும். துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்புப் பக்கம் ஊக்கு குத்திவிடுங்கள், பரிசலில் மேலே மிதவைச் சட்டை போடச் சொல்வார்கள், அதற்கும் அது இடைஞ்சலாக இருக்காது. மருத்துவர் காலுறை கொடுத்திருந்தால் ஈரக் காலுறையோடு நாள் முழுவதும் இருக்க வேண்டாம், தண்ணீரில் இறங்கும் முன் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள்.

பரிசலில் ஏறும்போது முதலில் விளிம்பில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்து வையுங்கள். இந்தப் பேன்ட்டோடு எதையும் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது, இரண்டு கைகளும் விளிம்பைப் பிடிக்கவே இருக்கும். துணி எடுத்தால் ஏப்ரல் 20க்குள் கொண்டு வாருங்கள் அம்மா, அதன் பிறகு கோடைத் திருமணங்களுக்கான ரவிக்கைகள் குவிந்துவிடும். ஊறவைத்து உலர்த்தி எடுத்துக் கொண்டு வர மறக்காதீர்கள்.